எத்தனை சதவீதம்? சுருட்டுப் பெட்டியின் ஈரப்பதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டி வாங்கியாயிற்று, சுருட்டும் வாங்கியாயிற்று. ஈரப்பதத்தை எந்த எண்ணில் நிறுத்துவது? கடைக்காரரைக் கேட்டால் 70 என்பார். கியூபச் சுருட்டு மட்டுமே பிடிப்பவர் 62 என்பார். பெட்டியோடு வந்த தாளில் 65 முதல் 75 வரை என்று அச்சிட்டிருக்கும். மூவருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு சுருட்டையும் வேறு பெட்டியையும் வேறு ஊரையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் சுருட்டுக்கும் உங்கள் ஊருக்கும் உரிய எண்ணை நீங்களே கண்டுபிடிக்க இந்த அத்தியாயம் வழி சொல்கிறது. உடனே ஓர் எண் வேண்டுமென்றால் 65இல் தொடங்குங்கள். ஏன் 65, எப்போது அதை ஏற்றலாம், எப்போது இறக்கலாம் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாலும் சுருட்டுப் புகை உடலுக்குக் கெடுதிதான். வாய்ப்புற்றுநோயையும் தொண்டைப் புற்றுநோயையும் கொண்டுவரக் கூடியது. பெட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

70 என்ற எண்

"எழுபதுக்கு எழுபது" என்பது சுருட்டு உலகின் பழைய வாய்பாடு. 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம், 70 சதவீத ஈரப்பதம். நம் கணக்கில் அது 21 டிகிரி செல்சியஸ். நினைவில் வைக்க எளிது. அது ஊன்றி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் கருவி. பழைய ஹியூமிடார்களில், அதாவது ஈரம் காக்கும் சுருட்டுப் பெட்டிகளில், ஈரம் தருவதற்கு ஒரு பஞ்சோ பச்சை நுரைக்கட்டியோ இருக்கும். அதில் காய்ச்சி வடித்த நீரையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் சரிபாதி கலந்து ஊற்றுவார்கள். அந்தக் கலவை பெட்டிக்குள் ஈரப்பதத்தை ஏறத்தாழ 70இல் கொண்டு நிறுத்தும். கருவி 70 தந்தது, சுருட்டும் 70இல் வாழப் பழகிக்கொண்டது.

கியூபாவிலேயே 70 கறாரான எண் அல்ல. உருட்டி முடித்த சுருட்டில் ஈரம் மிகுதியாக இருக்கும். இலை ஒடியாமல் வளைவதற்காகவே அதை நனைத்து வேலை செய்கிறார்கள். அந்த மிகை ஈரம் வடிவதற்கு ஆலையின் குளிர்ந்த அறையில், எஸ்காபராத்தே என்னும் மர அலமாரிகளில் வாரக்கணக்கில் வைத்த பிறகே சுருட்டு பெட்டிக்குள் போகும். கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம் பரிந்துரைப்பது 16 முதல் 18 டிகிரி வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும். அதாவது 70 அங்கே உச்சவரம்பு.

65இல் தொடங்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் சுவை அல்ல, பிழை. வீட்டில் வைத்திருக்கும் ஈரமானி ஐந்து சதவீதம் முன்பின் காட்டுவது சாதாரணம். 70 என்று நம்பி வைத்த பெட்டி உண்மையில் 75இல் இருந்தால் பூசணம் பிடிக்கும். 65 என்று நம்பி வைத்த பெட்டி உண்மையில் 60ஆக இருந்தாலும் 70ஆக இருந்தாலும் சுருட்டு பிழைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் தவறினாலும் தாங்குகிற எண்தான் வீட்டுக்கு நல்ல எண்.

காற்றின் ஈரமும் இலையின் ஈரமும்

ஈரமானி காட்டுவது ஒப்பு ஈரப்பதத்தை. அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவு நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே அதன் பொருள். 21 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 18 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம் தாங்கும்.

இங்கேதான் பலர் கணக்கில் வழுக்குகிறார்கள். "21 டிகிரியில் 70 சதவீதம் என்றால் கனமீட்டருக்கு 12.8 கிராம். வெப்பம் 30 ஆனாலும் அதே 12.8 கிராம் இருந்தால் போதும், ஆகவே 42 சதவீதத்தில் வைக்கலாம்" என்று வாதிடுவார்கள். வைத்துப் பாருங்கள், சுருட்டின் வெளியே சுற்றிய மேலிலை சருகாகிவிடும். புகையிலை காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணுவதில்லை. அது ஒப்பு ஈரப்பதத்துக்கே கட்டுப்படுகிறது. மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப்போவதும் கோடையில் மொறுமொறுவென்று இருப்பதும் இதே விதிப்படிதான். ஒப்பு ஈரப்பதம் மாறாமல் இருந்தால், வெப்பம் ஏறும்போது இலையின் ஈரம் குறைவது சிறிதளவே. குளிர்ந்த இடத்தில் அதே எண்ணில் இலை சற்றுக் கூடுதல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 17 டிகிரியில் வைப்பவர் 65ஐத் தாண்டத் தேவையில்லை.

இன்னொரு கணக்கு பதற்றத்தைக் குறைக்கும். 25 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் 21 டிகிரியில், 70 சதவீதத்தில் கரைந்திருக்கும் நீர் மூன்றில் ஒரு பங்கு கிராம்கூட இல்லை. நல்ல பதத்தில் உள்ள சுருட்டின் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர். நடுத்தரச் சுருட்டு ஒன்றில் ஒன்றரை, இரண்டு கிராம். ஐம்பது சுருட்டு வைத்தால் எண்பது, தொண்ணூறு கிராம். பெட்டியின் ஈரத்தைப் பிடித்து நிறுத்துவது காற்றல்ல, சுருட்டுகளேதான். மூடியைத் திறந்ததும் ஈரமானியில் எண் சரிகிறதே என்று உடனே தண்ணீர் சேர்க்க ஓடாதீர்கள். மூடி வைத்தால் சற்று நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். முக்கால்வாசி நிரம்பிய பெட்டி அரைகுறைப் பெட்டியைவிட நிலையாக இருப்பதும் இதனால்தான்.

காய்ந்துபோன சுருட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்திலிருந்து இறங்கி 65க்கு வந்த இலையும், காய்ந்து கிடந்து மேலேறி 65க்கு வந்த இலையும் ஒரே அளவு தண்ணீரைப் பிடித்திருப்பதில்லை. ஏறி வந்தது குறைவாகவே பிடிக்கும். மீட்டெடுத்த சுருட்டு அதே பெட்டியில் இருந்தும் சற்று வறண்டே எரிவதற்கு இது காரணம்.

சுருட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வது

கீழே உள்ளவை சட்டங்கள் அல்ல, தொடக்கப் புள்ளிகள்.

கியூபச் சுருட்டு: 62 முதல் 65. இவற்றை 70இல் வைத்தால் இழுப்பு இறுகும், அடிக்கடி அணையும்.

டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ் வகைகள்: 65 முதல் 68.

நிகராகுவா வகைகள், கறுத்த மடூரோ மேலிலை உள்ளவை: 63 முதல் 66. செடியின் உச்சியில் வெயில் வாங்கி வளர்ந்த தடித்த இலைகள் மெதுவாக எரிபவை. ஈரமும் சேர்ந்தால் எரியவே மறுக்கும்.

மெல்லிய மேலிலை உள்ளவை, அதாவது கேமரூன் இலை, எக்வடோரில் விளையும் கனெக்டிகட் வகை இலை: 66 முதல் 69. இவை வறட்சியில் விரிசல் விடும். எண்ணைவிட ஏற்ற இறக்கமே இவற்றுக்கு எதிரி.

ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கப் போகிறவை: 62 முதல் 65, வெப்பம் 16 முதல் 18 டிகிரி.

உலர் வகைகள்: நெதர்லாந்து முறையில் துண்டு இலை வைத்துச் செய்யும் சிறிய சுருட்டுகளுக்கு ஹியூமிடாரே தேவையில்லை. நம் திருச்சி உறையூர்ச் சுருட்டும் இந்தப் பக்கம்தான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிபவர் சாம்பலை வைத்தே அடையாளம் சொல்வது இந்தத் திருச்சிச் சுருட்டைத்தான். அது வெக்கையான ஊரில் ஈரப்பெட்டி ஏதுமின்றி விற்கப்பட்டு, பிடிக்கப்பட்ட பொருள். காற்றுப் புகாத தனி டப்பாவில் போட்டு, மழைக்காலத்தில் நமக்காமல் காத்தால் போதும். மற்றவற்றோடு சேர்த்தால் அதன் காட்டமான வாசனை எல்லாவற்றிலும் ஏறிவிடும். வாசனை ஏற்றிய சுருட்டுகளையும் இதேபோலப் பிரித்து வையுங்கள்.

பருமனையும் கவனியுங்கள். சுருட்டின் விட்டத்தை அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற அலகில் சொல்வது வழக்கம். 38 என்றால் ஒல்லி, 50 நடுத்தரம், 60 தடி. ஒல்லிச் சுருட்டு சில நாளிலேயே பெட்டியின் ஈரத்துக்கு வந்துவிடும். தடிச் சுருட்டின் உள்ளிலை வாரக்கணக்கில் எடுக்கும். வாங்கி வந்த மூன்றாம் நாள் தடிச் சுருட்டைப் பற்றவைத்துவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது.

பல வகைகளும் ஒரே பெட்டியில் இருந்தால் 65இல் வைத்துவிடுங்கள். சற்று உலர்வாக வேண்டியவற்றை முந்தின நாளே எடுத்து, ஈரப் பை (பின்னால் விளக்குகிறேன்) இல்லாத வெற்றுச் சுருட்டுப் பெட்டியில் மூடி வையுங்கள். ஏசி அறையில் ஒரு நாள் போதும். இந்த எளிய வழி பல தனிப் பெட்டிகளின் செலவை மிச்சப்படுத்தும்.

வெப்பத்தை மறந்தால் எண் உதவாது

புகையிலை வண்டின் அறிவியல் பெயர் லாசியோடெர்மா செரிகார்னே. 1792இல் ஃபப்ரீசியஸ் விவரித்த பூச்சி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். மஞ்சள் மண்டியில் வேலை செய்பவர்களுக்கு இது பழைய எதிரி. இருப்பு வைத்த மஞ்சள் கிழங்கிலும் மல்லியிலும் துளை போடுவது இதே வண்டுதான். முட்டை இலைக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும். 22, 23 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். பொரித்து வரும் புழு சுருட்டைத் தின்று குடைந்து, ஊசி குத்தியது போன்ற வட்டத் துளை வழியே வண்டாக வெளியே வரும்.

ஈரப்பதத்தை 62க்கு இறக்கியதாலேயே வண்டு வராது என்று நம்ப வேண்டாம். அதைத் தடுப்பது குளிர். அறை வெப்பத்தை 21க்குக் கீழே வைக்க முடியாதவர்கள் வாங்கிய சுருட்டைப் பெட்டிக்குள் விடுவதற்கு முன் உறையவைத்துவிடுவது நல்லது. இரண்டு ஜிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றைப் பிழிந்து வெளியேற்றுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் குறைவான ஃப்ரீசரில் குறைந்தது மூன்று முழு நாள், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு அறையில் ஒரு நாள். அதுவரை பையைப் பிரிக்காதீர்கள். அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃப்ரீசர் என்றால் மூன்றை ஒரு வாரமாக்குங்கள். மின்வெட்டு நேர்ந்தால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

அளப்பது

1783இல் ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் மனிதத் தலைமயிரை வைத்து ஈரமானி செய்தார். ஈரத்தில் மயிர் நீளும், வறட்சியில் சுருங்கும். இன்று பெட்டியின் மூடியில் பதித்து வரும் பித்தளை முள் ஈரமானிகளில் மயிர் இல்லை, பெரும்பாலும் உலோகச் சுருள்தான். பார்க்க அழகு, நம்பத் தகாது. சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். ஈரப் பைக்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர்மூலையில் வையுங்கள்.

எந்தக் கருவியையும் உப்புச் சோதனை செய்யாமல் நம்பக் கூடாது. செறிவான உப்புக் கரைசலுக்கு மேலே அடைபட்ட காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 10 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை அது அரை சதவீதம், முக்கால் சதவீதத்துக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே நம் ஊர் வெக்கையிலும் இந்தச் சோதனை செல்லும்.

1. ஒரு பாட்டில் மூடி நிறைய உப்பு எடுத்து, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு கரைந்து மறைந்துவிடக் கூடாது.
2. மூடியையும் ஈரமானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் பையில் வைத்து மூடுங்கள்.
3. வெப்பம் மாறாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். முடிந்தால் ஒரு முழு நாள்.
4. பையைத் திறக்காமல் படியுங்கள். 75 காட்டினால் சரி. 71 காட்டினால் உங்கள் கருவி நான்கு குறைத்துச் சொல்கிறது. இனி அது காட்டுவதோடு நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கருவியின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறையும், பேட்டரி மாற்றும்போதும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

பெட்டியும் ஈரப் பையும்

நல்ல மரப்பெட்டிகளின் உட்புறத்தில் ஸ்பானிஷ் செடார் என்று விற்கும் மரப்பலகை இருக்கும். அதைத் தரும் செட்ரெலா ஒடொராட்டா நம் வேம்பின் குடும்பத்து மரம். அது ஈரத்தை வாங்கி வைத்து, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்கும். புதிய பெட்டியின் காய்ந்த மரம் முதலில் சுருட்டின் ஈரத்தையே உறிஞ்சும். ஆகவே சுருட்டு வைப்பதற்கு முன் மரத்துக்கு ஈரம் ஊட்ட வேண்டும். அதற்கென்றே 84 சதவீதப் பைகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுப் பெட்டியை இரண்டு வாரம் மூடி வையுங்கள். அல்லது சிறு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரை வைத்து, ஈரமானி 70ஐத் தொட்டு நிலைக்கும் வரை காத்திருங்கள். ஈரத் துணியால் பலகையைத் துடைக்கச் சிலர் சொல்வார்கள். பலகை நெளிந்தால் மூடி பிறகு ஒருநாளும் சரியாக அமராது.

ஈரம் தருவதற்கு இன்று மிக எளிய வழி போவேடா போன்ற இருவழிப் பைகள். உள்ளே உப்புக் கரைசல், வெளியே நீராவியை மட்டும் விடும் சவ்வு. பெட்டி வறண்டால் ஈரம் விடும், மிஞ்சினால் உறிஞ்சும். 65, 69, 72 என்று எண் அச்சிட்டே விற்கிறார்கள். 60 கிராம் பை ஒன்று 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு என்பது கணக்கு. பெட்டியில் இருக்கும் சுருட்டை எண்ணாமல், பெட்டியின் கொள்ளளவை வைத்து எண்ணுங்கள். மரப்பெட்டி கசியும், ஆகவே 65 வேண்டுமென்றால் 69 பை வைக்க நேரலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டிய எண்ணையே வையுங்கள். பை கல்லாக இறுகிவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர்ப் பலூன் மாதிரி உப்பிக் குழம்பினால் வெளி ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிட்டது. இரண்டிலும் மாற்ற வேண்டும்.

பஞ்சுக் கருவி வைத்திருப்பவர்கள் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதன் உப்பு துளைகளை அடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு முழுதாகப் போயிருக்காது. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஏற்றது.

விலையைப் பார்த்து மரப்பெட்டியை வணங்க வேண்டியதில்லை. ரப்பர் விளிம்பு உள்ள உணவு டப்பா, அதற்குள் ஒரு செடார் பலகை, ஓர் ஈரப் பை, ஓர் ஈரமானி: சில நூறு ரூபாய் டப்பாவில் 65 அசையாமல் நிற்கும். மாதம் ஒருமுறை திறந்து காற்று மாற்றினால் போதும். சுருட்டை மூடியிருக்கும் செலஃபேன் தாள் நீராவியை விடும், கழற்றலாம், விடலாம். அலுமினியக் குழாயில் வருபவற்றின் மூடியை மட்டும் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

ஊருக்கு ஏற்ற ஏற்பாடு

சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றின் ஈரப்பதம் 70ஐத் தாண்டியே இருக்கும். இங்கே வேலை ஈரம் சேர்ப்பதல்ல, தடுப்பது. கசியும் மரப்பெட்டி உதவாது. காற்றுப் புகாத டப்பாவில் 62 அல்லது 65 பை வையுங்கள். வடகிழக்குப் பருவமழையின் போது பைகளை அடிக்கடி பாருங்கள்.

மதுரை, திருச்சி, வேலூர் கோடையில் பிற்பகல் காற்று வறண்டு போகும். மழை மாதத்தில் அதே அறை ஈரமாகும். இந்த இரண்டையும் ஒரே பெட்டி தாங்க வேண்டுமென்றால் பெட்டியை நிரப்பி வைப்பதும் இறுக மூடுவதும்தான் வழி.

டொராண்டோ, ஓஸ்லோ போன்ற குளிர் ஊர்களில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30க்கும் கீழே போகலாம். வெப்பம் அங்கே பிரச்சினை இல்லை, பைகள் வேகமாகக் காய்வதே பிரச்சினை. ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். ரேடியேட்டருக்கும் வெளிச்சுவருக்கும் அருகில் வைக்காதீர்கள்.

ஏசி அறை எங்கும் ஒரு பொறி. இரவில் 24 டிகிரி, பகலில் ஏசி நின்றதும் 32. பெட்டியை ஏசியின் நேர்க்காற்றில் வைக்காமல், துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டிக்குள் டப்பாவை இறக்கிவிட்டால் வெப்பம் ஏறி இறங்குவது மெதுவாகும், மின்வெட்டையும் தாங்கும். வசதியுள்ளவர்கள் வைன் ஃபிரிட்ஜை 18 டிகிரியில் வைத்து, அதற்குள்ளும் காற்றுப் புகாத டப்பாவிலேயே சுருட்டை வைக்கிறார்கள். குளிர்விக்கும் தகடு ஈரத்தை நீராக்கி வெளியேற்றிவிடும். ஆகவே டப்பா இல்லாமல் நேரே அடுக்க வேண்டாம். சாதாரண ஃபிரிட்ஜ் வறட்சியும் சாம்பார் வாசனையும் தரும். நீண்ட நாள் இருப்புக்கு அது ஆகாது.

18 டிகிரியில் இருந்த சுருட்டைச் சென்னைக் காற்றில் அப்படியே வெளியே எடுக்காதீர்கள். 30 டிகிரியில் 75 சதவீதம் ஈரமுள்ள காற்று 25 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே பனிக்கத் தொடங்கும். 18 டிகிரி மேலிலை கண் முன்னே நனைந்துவிடும். பையில் மூடி, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறங்கள்.

ஒரு மாதச் சோதனை

எண்ணை முடிவு செய்வது ஈரமானி அல்ல, எரியும் சுருட்டு. ஒரே வகையில் ஐந்தாறு சுருட்டு வாங்கி 65இல் ஒரு மாதம் விடுங்கள். பிறகு வாரம் ஒன்றாகப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரலால் மெதுவாக அழுத்துங்கள். சற்று அமுங்கி எழுந்தால் பதம். சதசதவென்றால் ஈரம். சருகுச் சத்தம் கேட்டால் வறட்சி.

இழுப்பு இறுக்கம், அடிக்கடி அணைவது, ஒரு பக்கம் மட்டும் எரிந்து ஓடுவது, கசப்பு, பற்றவைத்த முனைக்குப் பக்கத்தில் மேலிலை வெடிப்பது ஆகியவை ஈரத்தின் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது பலரை ஏமாற்றும். வெடிப்பைக் கண்டதும் வறட்சி என்று எண்ணி இன்னும் ஈரம் சேர்ப்பார்கள். வெந்நீராவியில் உள்ளிலை பெருத்து மேலிலையைக் கிழித்திருக்கும்.

வேகமாக, சூடாக எரிவது, புகை கண்ணைக் கரிப்பது, வெட்டும்போதே மேலிலை செதில் செதிலாக உதிர்வது, மணம் மங்குவது ஆகியவை வறட்சியின் அறிகுறிகள்.

ஈரம் தெரிந்தால் இரண்டு சதவீதம் இறக்குங்கள், வறட்சி தெரிந்தால் இரண்டு ஏற்றுங்கள். பிறகு மறுபடி ஒரு மாதம் காத்திருங்கள். ஒரே சுருட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையால் உருட்டிய பொருளில் ஒன்று இறுக்கமாக அமைவது சகஜம். மூன்று சுருட்டு ஒரே குறையைச் சொன்னால் குறை பெட்டியில்.

கெட்டது தெரிந்தால்

பூசணம்: வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பஞ்சு போலப் பூத்திருக்கும். மேலிலையில் சிறு புள்ளியாக மட்டும் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தனியே வைத்துக் கவனிக்கலாம். பற்றவைக்கும் முனையிலோ உள்ளேயோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள். பக்குவம் முதிர்ந்ததால் வரும் வெண்படலம் என்று விற்பவர் சொன்னாலும் பூசணமாகவே கருதி நடந்துகொள்வது பாதுகாப்பு. பெட்டியைக் காலி செய்து உலர்த்தி, ஈரமானியை உப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். எண் பொய் சொல்லியிருக்கும்.

வண்டு: ஒரு துளை கண்டால் பெட்டியிலிருக்கும் அனைத்தையும் மேலே சொன்ன முறையில் உறையவையுங்கள். துளை விழுந்ததை மட்டும் எறிந்துவிட்டு மற்றவற்றை விட்டுவைத்தால் சில வாரத்தில் அடுத்த தலைமுறை கிளம்பும்.

காய்ந்த சுருட்டு: நேராக 69க்குள் போட்டால் மேலிலை முதலில் ஊதி வெடிக்கும். டப்பாவில் 62இல் இரண்டு வாரம், பிறகு 65இல் ஒரு மாதம் விடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பி வையுங்கள். ஈரம் திரும்பும், பறந்துபோன எண்ணெயும் மணமும் திரும்பாது. மணம் முழுதும் போனதை மீட்க நாளைச் செலவழிக்க வேண்டாம்.

நிலையான 63 ஒரு சுருட்டையும் கெடுக்காது, நிலையான 68உம் கெடுக்காது. காலையில் 60, மாலையில் 72 என்று ஊசலாடும் பெட்டியில்தான் இலை நாள்தோறும் பெருத்துச் சுருங்கித் தளர்கிறது. ஆகவே எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைக் கைவைத்துத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஈரமானியைப் பாருங்கள், மாதம் ஒருமுறை பையைத் தொட்டுப் பாருங்கள், பருவம் மாறும்போது பையின் எண்ணை மாற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். பெட்டிக்கு அதற்கு மேல் கவனம் தேவையில்லை.